இம்தியாஸ் வந்தால் ஓடும் ஏசி

ஏசி மெக்கானிக் நம்பர்தானே? இருக்கிறது தம்பி, தருகிறேன். முதலில் உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இத்தனை நாளாகியும் இன்றைக்குத்தான் நம் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள். நம்பரை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனால் நன்றாகவா இருக்கும்? ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள். உள்ளே ஏசி அறை இருக்கிறது, ஆனால் பிள்ளை தூங்குகிறான். என் பேரன். ஊரே அவனைப் பார்க்க வருகிறது, நீங்கள் மெக்கானிக்கைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை. பாவம், நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறீர்கள். மொட்டை மாடியைக்கூட எட்டிப் பார்க்க நேரமில்லை உங்களுக்கு.

உங்களுடையது என்ன செய்கிறது? போட்டவுடன் ஓடுகிறது. கொஞ்ச நேரம் சில்லென்று வருகிறது. பிறகு மாடியிலிருக்கிற பெட்டியில் 'ம்ம்ம்' என்று ஒரு முக்கல். அப்புறம் 'டக்'. அதன் பிறகு உள்ளே வெறும் காற்று. அதுதானே? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே. கம்ப்ரஸர் வியாதி தம்பி. இந்தச் சித்திரை மாதம் முழுக்க நான் பட்ட பாடு அதுதான். கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் சம்பந்தி தணிகாசலம். காட்பாடியில் இருக்கிறார். கரண்ட் ஆபீசில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. என் மகள் எழிலரசி கல்யாணத்தில் என்ன நடந்தது என்றால், ஐப்பசி மாதம், காலையிலிருந்து மழை. இரண்டாம் பந்தியில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். இலையில் இருந்த அப்பளத்தை எடுத்தார். இரண்டு கையாலும் வளைத்தார். அது உடையவில்லை. இன்னும் வளைத்தார். அப்போதும் உடையவில்லை. நான் பக்கத்தில் பாயச வாளியோடு நிற்கிறேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "சம்பந்தி, இதை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கலாம் போல இருக்கே" என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது தம்பி. வடை வைத்துக்கொண்டிருந்த சமையல்காரன்கூடச் சிரித்தான். அப்பளத்தைப் பொரித்தவனே அவன்தான்! மழை நாளில் அப்பளம் நமத்துப் போகாமல் வேறென்ன செய்யும்? மழைக்கும் நானா பொறுப்பு? சரி, போகட்டும். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் அன்றைக்குப் போட்டிருந்தது சந்தன நிறச் சட்டை, இடது பக்கம் பை.

அப்புறம் எழில் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்கு அழைத்து வரணும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அது முறை. வளையல் போட்டு முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சித்திரை வெயில் சம்பந்தி. வேலூர் வெயில் வேற. உங்க வீட்ல ஏசி இருக்கா? இல்லைன்னா பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

"இருக்கே" என்றேன்.

இல்லை. ஆனால் மறுநாள் இருந்தது. மூடப்போகிற ஒரு லாட்ஜில் கழற்றிப் போட்டிருந்ததை வாங்கி வந்து மாட்டிவிட்டேன். ஏன் தம்பி சிரிக்கிறீர்கள்? எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரி தவமணியும் பேச என்ன இருக்கிறது? உப்பு அதிகம், உப்புக் கம்மி, அவ்வளவுதான். பெண் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு இந்தக் கூடத்தில் நடந்தாளே, அப்போதுதான் இது வீடு மாதிரி இருந்தது. அவளை அனுப்ப முடியுமா?

லாட்ஜ் ஏசி கொஞ்ச நாள் ஓடியது. பிறகு குளிர்ச்சி குறைந்தது. எழில் போனில் புருஷனிடம் சொல்ல, அவன் அப்பாவிடம் சொல்ல, "எங்க ஆளை அனுப்பறேன்" என்று சம்பந்தி அனுப்பிவைத்தவன்தான் இம்தியாஸ். ஒல்லியாக இருப்பான். பேச்சு மரியாதையாக இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு புறா குடும்பமே குடித்தனம் பண்ணியிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். கெப்பாசிட்டர் என்று ஒன்றை மாற்றினான். கேஸ் அடைத்தான். "குதிரை மாதிரி ஓடும் பெரியவரே. ஒண்ணே ஒண்ணு, பெட்டிக்கு முன்னால எதையும் வெச்சு அடைக்காதீங்க. அது மூச்சு விடணும்" என்றான்.

இரும்புப் பெட்டிக்கு மூச்சாம். சம்பந்தி வீட்டு ஆள்தானே, பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஓடியது தம்பி. பெட்டியிலிருந்து சூடான காற்று அப்படி அடித்தது. தவமணி ஒரு ஈரத்துண்டை அதற்கு எதிரே கொடியில் போட்டுவிட்டுக் கீழே போனாள். நான் காபி குடித்துவிட்டு மேலே போய்த் துண்டை எடுத்தேன். மடிக்கப் பார்த்தேன். மடியவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது. அப்பளம் மாதிரி.

அப்பளம் மாதிரி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

பிள்ளை பிறந்தால் பெயர் வைக்க, தொட்டில் போட, சம்பந்தி வீடே வந்து நம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுமில்லையா? அந்த இலையில் வற்றல் வைக்கணும். நம் வீட்டுக் கூழ் வற்றல். அவர் கடிக்கிற சத்தம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கணும். தவமணியிடம் கூழ் காய்ச்சச் சொன்னேன்.

"வேலூர் வெயில்ல கல்லே காயுது. உங்களுக்கு மிஷின் காத்து கேக்குதா?" என்றாள்.

வெயிலில் போட்டால் குரங்கு விடுமா? கோட்டைப் பக்கத்துக் குரங்கெல்லாம் நம் தெருவில்தான் குடியிருக்கிறது. நீங்கள் புதிது, போகப் போகத் தெரியும். அதோடு, வெயில் ஓசியில் வருகிறது. எல்லார் வீட்டுக்கும் வருகிறது. இந்தச் சூடு நான் கரண்ட் பில் கட்டுகிற சூடு. அதை வானத்தில் விடுவதற்கு நான் என்ன ஜமீன்தாரா?

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லணும். நான் அஞ்சாங் கிளாஸோடு நிறுத்தினவன். ஆயுசு முழுக்க மண்டியில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினேன். அரிசி, வெல்லம், மிளகாய் எதுவானாலும் சரி. நான் கட்டின லோடு கல்கத்தா போய்ச் சேரும் வரை உள்ளே ஒரு சொட்டு மழை இறங்காது. காற்று நுழையாது. டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்டிக்கு முன்னால் நாலு மூங்கில் நட்டு, வற்றல் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, பெட்டியோடு சேர்த்து ஒரு பழைய லாரித் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினேன். ஒரு ஊசிமுனைச் சூடு வெளியே போகாது. அவ்வளவு இறுக்கம்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏசி நின்றுவிட்டது.

ம்ம்ம். டக். அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ரிமோட்டுக்குப் புது பாட்டரி போட்டேன். ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தேன். மெயினை அணைத்துப் போட்டேன். உள்ளே இருக்கிற வடிகட்டியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினேன். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் ஓடும், மறுபடி டக். எழில் போனில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, வெளியே இருக்கிற பெட்டிக்கு நல்லாக் காத்து வேணுமாம். இல்லைன்னா கம்ப்ரஸர் சூடாகி நின்னுடுமாம்" என்றாள்.

"நமக்குக் காத்து உள்ளேதானேம்மா வேணும்? வெளியே வந்து என்ன ஆகப்போகுது?" என்றேன். படித்த பெண். ஆனால் யோசிக்க மாட்டாள்.

இம்தியாஸுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றான். அவன் வருவதற்குள் மாடிக்குப் போய்த் தார்ப்பாயை அவிழ்த்து, மூங்கிலைப் பிடுங்கி, தட்டுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். ஏனென்றால் அவன் சம்பந்தியின் ஆள். பார்த்தான் என்றால் போய்ச் சொல்லிவிடுவான். வற்றல் விஷயம் இலையில் வைக்கும் வரை அவருக்குத் தெரியக் கூடாது.

வந்தான். ஸ்விட்சைப் போட்டான். ஓடியது! குளிர்ந்தது! "நல்லாத்தானே ஓடுது பெரியவரே?" என்றான். அவன் போனான். நான் மேலே போய் எல்லாவற்றையும் பழையபடி கட்டினேன். ம்ம்ம். டக்.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அவிழ்த்தேன். மறுபடி ஓடியது. இந்தத் தடவை அவனை விடவில்லை. டீ கொடுத்து உட்கார வைத்தேன். அவன் இருக்கும் வரை அது புதுமாப்பிள்ளை மாதிரி அடக்கமாக ஓடியது. அவன் தெருமுனை திரும்பினான், நான் கட்டி முடித்தேன், டக்!

புரிகிறதா தம்பி? அவன் முகத்தைப் பார்த்தால் ஓடுகிறது. அவன் போனால் நிற்கிறது. ஏதோ பண்ணிவைத்திருக்கிறான். பண்ணச் சொன்னது யார்? பெண்ணை நம் வீட்டில் இருக்க விடக்கூடாது என்று நினைத்தவர் யார்? நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

தவமணிதான், "அவர் வந்தா அந்தத் துணியைக் கழட்டறீங்க. போனதும் கட்டறீங்க. எனக்கென்னமோ..." என்று இழுத்தாள்.

"மிஷினைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? நீ எத்தனாங் கிளாஸ் படிச்சே?" என்றேன்.

"உங்களைவிட ரெண்டு கிளாஸ் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கத்திரி வெயில் ஆரம்பித்தது. எழிலால் முடியவில்லை. குளியலறை வாசலில் ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். கால் வீங்கிப்போயிருந்தது. "ஒண்ணுமில்லப்பா, எனக்கு இங்கே நல்லாத்தான் இருக்கு" என்பாள். அப்படி அவள் சொல்லும்போது எனக்கு வற்றலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இருக்கும். ஆனால் வற்றலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதனால் கட்டியபடியே இருந்தது.

ஒருநாள் காலையில் சம்பந்தி போன் பண்ணினார். "மத்தியானம் கார் எடுத்துட்டு வரேன் சம்பந்தி. பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன். இங்கே மூணு ரூம்லயும் ஏசி. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பா எடுத்துக்காதீங்க! தவமணி பெண்ணின் புடவைகளைப் பையில் மடித்துவைத்தாள். ஒவ்வொரு புடவையையும் இரண்டு தடவை மடித்தாள். நான் குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

வெளியே வந்தால் வாசலில் கார் நிற்கிறது. சம்பந்தி இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "எதுக்கும் இருக்கட்டும்னு இம்தியாஸையும் கையோட கூட்டிட்டு வந்தேன். மேலே போயிருக்கான்" என்றார்.

மேலே போயிருக்கிறான்! நான் ஈரத்துண்டோடு மாடிப்படி ஏறின வேகத்தை நீங்கள் பார்த்திருக்கணும். இம்தியாஸ் தார்ப்பாய் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முடிச்சை நோண்டிக்கொண்டிருந்தான். நகத்தால் பார்க்கிறான், பல்லால் பார்க்கிறான், வரவில்லை. எப்படி வரும்? அது லாரி முடிச்சு.

"இது என்ன பெரியவரே?"

"தார்ப்பாய்."

"தெரியுது. எதுக்கு?"

"குரங்கு வருது."

"நான் வந்தப்பெல்லாம் இது இல்லியே?"

"நீ வந்தப்பெல்லாம் குரங்கு வரலை."

அவன் தார்ப்பாய்மேல் கையை வைத்தான், சூட்டில் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தான். தட்டுத் தட்டாக வற்றல். என்னைப் பார்த்தான். மறுபடி வற்றலைப் பார்த்தான். அதற்குள் கீழேயிருந்து சம்பந்தி, "என்ன இம்தியாஸ், கம்ப்ரஸர் போச்சா?" என்று குரல் கொடுத்தார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன் தம்பி. ஆனால் அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "இல்ல சார், எங்கிருந்தோ ஒரு தார்ப்பாய் காத்துல பறந்து வந்து பெட்டியில மாட்டிக்கிச்சு. எடுத்துட்டா சரியாயிடும்" என்றான்.

நல்ல மனசுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் கட்டினது! காற்றில் பறந்து வந்து மாட்டிக்கொண்டதாம்! என் ஆயுசில் நான் கட்டின தார்ப்பாயை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"எவன்டா சொன்னது பறந்து வந்துச்சுன்னு? என் கையால கட்டினதுடா இது! லாரி கவுந்தாலும் அவுழாது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

இம்தியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். படியில் செருப்புச் சத்தம். சம்பந்தி முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

"இதுக்குள்ள என்ன சம்பந்தி?"

"வற்றல்."

"வேலூர் வெயில்ல வற்றலுக்கு ஏசியா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எல்லாம் உங்களுக்குத்தான். அன்னிக்கு அப்பளத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கலாம்னு சொன்னீங்களே, அதுக்குத்தான். இதை மடிச்சுப் பாருங்க!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானா? அப்படியா சொன்னேன்? எப்ப?" என்றார்.

நினைவில்லையாம்! நடிக்கவும் இல்லை தம்பி, நிஜமாகவே நினைவில்லை. அந்த ஐப்பசியிலிருந்து இந்தச் சித்திரை வரைக்கும், ஒன்றரை வருஷம், நான் ஒருத்தன் சுமந்திருக்கிறேன். அந்த மனிதர் பந்தியிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார்.

நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். வேறு யாருக்கும் வரவில்லை. இம்தியாஸ் பெட்டியைக் கொஞ்சம் ஆறவிட்டு ஸ்விட்சைப் போடச் சொன்னான். ஓடியது. நிற்கவில்லை. "டக்" வருமா என்று எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். வரவில்லை. கீழேயிருந்து எழில், "அப்பா! சில்லுன்னு வருது!" என்று கத்தினாள்.

சம்பந்தி கைப்பிடிச் சுவரோரம் குனிந்து, "என்னம்மா, கிளம்பலாமா?" என்று கேட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்தப் பெட்டி பட்ட பாடு அப்போதுதான்... சரி, அதை விடுங்கள்.

"நான் எங்கேயும் வரலை மாமா!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நான் இங்கே இல்லைன்னா எங்கப்பா ஃபிரிட்ஜுல வேட்டி காயப்போடுவாரு!"

சம்பந்தி சிரித்தார். இம்தியாஸ் சிரித்தான். தவமணி ரொம்பவே சிரித்தாள். பையிலிருந்த புடவைகளையெல்லாம் திரும்ப அலமாரியில் வைக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன் தம்பி, என் மனதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அவன் ஆற விடுகிறேன் என்று கையை உள்ளே விட்டானே, அப்போது என்னமோ செய்திருக்கிறான்.

மத்தியானம் சாப்பாடு இங்கேதான். வற்றலைப் பொரிக்கச் சொன்னேன். தொட்டில் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சம்பந்தி ஒன்றை எடுத்தார். நான் பக்கத்தில் ரச வாளியோடு நின்றேன். கடித்தார். அந்தச் சத்தம்! பட்டாசு தம்பி! உள்ளே படுத்திருந்த எழில், "என்னம்மா உடைஞ்சுது?" என்று கேட்டாள். சம்பந்தி தலையை ஆட்டினார். "மொறுமொறுன்னு இருக்கு சம்பந்தி" என்றார். என் வயிறு குளிர்ந்தது. ஏசியெல்லாம் எதற்கு?

அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். இன்னொன்றையும் கடித்துவிட்டு, "உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

உப்புத் தூக்கல்!

நான் மறந்துவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான், இதே ஊர் ஆஸ்பத்திரியில், நம் வீட்டிலிருந்து போய் நம் வீட்டுக்கே வந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொட்டில். நீங்களும் கட்டாயம் வரணும். சம்பந்தி வீடே வருகிறது. இலையில் வற்றல் உண்டு. உப்பு அளவாகப் போட்டு இந்த வாரம் புதிதாகப் பிழிந்திருக்கிறோம். பார்த்துவிடுகிறேன், இந்தத் தடவை என்ன சொல்கிறார் என்று.

ஆங், நம்பர். எழுதிக்கொள்ளுங்கள். இம்தியாஸ்தான். வேறு யாரை நம்புவது? நான் திட்டினதாக அவனிடம் சொல்லவேண்டாம்.

இல்லை தம்பி, எங்கள் ஏசி இப்போது நன்றாக ஓடுகிறது. அதன் பக்கமே நான் போவதில்லை. எங்கள் பெட்டிமேல் இனிக் கை வைக்கமாட்டேன் என்று எழில் என்னைப் பிள்ளை தலைமேல் சத்தியம் பண்ணவைத்தாள். சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை நான். எங்கள் பெட்டியில் ஒரு கயிறுகூடக் கிடையாது, போய்ப் பாருங்கள்.

எழுந்துவிட்டீர்களா? எங்கே? மாடிக்கா? உங்கள் மாடிக்கா? இப்போதேவா?

கொஞ்சம் உட்காருங்கள். தவமணி டீ போடுகிறாள். உங்களுடையது எத்தனை நாளாக இப்படி நிற்கிறது? இந்த வாரம்தானா? அப்படியா.

அது வந்து தம்பி, குரங்குத் தொல்லை உங்களுக்குத் தெரியாது, புதிதாக வந்தவர்கள். நடுவில் இருப்பதும் இடுப்புயரச் சுவர்தான், காலைத் தூக்கி வைத்தால் உங்கள் மாடி. உங்களுடையது புதுப் பெட்டி, பெரிய கம்பெனி, தாங்கும் என்று நினைத்தேன்.

இருங்கள், இருங்கள், நானும் வருகிறேன். நீங்கள் தனியாகப் போய் என்ன செய்வீர்கள்? அந்த முடிச்சு உங்களுக்கு அவிழ்க்க வராது.